கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளவும்

குட்டி ரயில் கண்காட்சிக்கு முதல்முறை வருகிறவர்களுக்கென்று ஒரு நோட்டீஸ் உண்டு. வாசலில் நுழைந்ததும் கையில் திணித்துவிடுவார்கள். அதை எழுதுகிறவர் லிஃப்ட்காரர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. குட்டி ரயில் சங்கத்தில் அதை யாரும் கேட்டதில்லை. வாரத்தில் ஆறு நாள் ஊரிலுள்ள கட்டடங்களில் ஏறி இறங்கி, லிஃப்ட்டின் கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் சோதித்து, 'சரி' என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஏழாவது நாள் ரயில்.

நோட்டீஸில் பதினோரு யோசனைகள். எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டவை. மெத்தென்ற செருப்புப் போட்டு வாருங்கள், மண்டபத்தைச் சுற்றி முடிப்பதற்குள் கால் கழன்றுவிடும். முதல் சுற்றில் எங்கேயும் நிற்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிடித்த இடத்துக்குத் திரும்பி வாருங்கள். குனிந்து, தண்டவாள மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பாருங்கள், அப்போதுதான் ரயில் ரயிலாகத் தெரியும். பிள்ளைகள் ஏறி நிற்க ஒரு முக்காலி கொண்டுவாருங்கள், உங்கள் தோள் பிழைத்துப்போகும். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை வராதீர்கள், ரயில்களும் சாப்பிடப் போயிருக்கும். 'இதெல்லாம் எதுக்குங்க?' என்று ரயில்காரர்களின் மனைவிமார் காதில் விழும்படி கேட்காதீர்கள். அவர்கள் பதில் சொல்ல ஆரம்பித்தால் கண்காட்சியே முடிந்துவிடும்.

படித்துவிட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. ஏழாவது யோசனைக்கு மட்டும் சிரிப்பு கொஞ்சம் தூக்கலாக வரும். அது இந்த வருஷம் புதிதாகச் சேர்த்தது: 'ரயில் அருகே நிற்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளவும். சென்ற ஆண்டு ஒரு கை செய்த வேலையை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.' சங்கத்தில் அதற்கு 'மச்சான் விதி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் கை லிஃப்ட்காரரின் மச்சானுடைய கை, அதாவது அவர் மனைவியின் அண்ணன் கை.

அது மச்சானின் வேலை இல்லை என்பது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள்தான் உட்கார்ந்து, இரண்டு தடவை அடித்துத் திருத்தி, அந்த வரியை எழுதியவர்.

நடந்தது இதுதான். சங்கத்தில் முப்பத்திரண்டு பேர். ஆளுக்கு ஒரு மேசை. வருஷம் முழுக்க வீட்டில் வைத்து அதன்மேல் மலையும் பாலமும் ஸ்டேஷனும் கட்டுவார்கள். கண்காட்சியன்று எல்லா மேசைகளையும் கொண்டுவந்து பெரிய வளையமாகச் சேர்ப்பார்கள். ஒரு மேசையின் தண்டவாளம் அடுத்த மேசையின் தண்டவாளத்தோடு சேரும் இடம்தான் மூட்டு. அங்கே விரல் நீளத்துக்கு ஒரு தண்டவாளத் துண்டைப் பொருத்துவார்கள். காலையில் ஒழுங்காக இருக்கிற மூட்டு மதியத்துக்கு மேல் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. கூட்டம் சேரும், மண்டபம் சூடாகும், இரும்பு நீளும், யாராவது மேசையில் சாய்வார்கள். அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு ரயிலை ஓட்டுவதற்கு முன்னால் நகச்சுற்று என்று ஒன்று நடக்கும். ஒவ்வொருவரும் தன் மேசையின் இடது மூட்டில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனால், தன் எண்ணைக் கூப்பிடும்போது 'சரி' என்று உரக்கச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு 'சரி'யும் விழுந்த பிறகுதான் கரண்ட் போடுவார்கள்.

போன வருஷம் பதினான்காம் மேசைக்காரர் நகத்தை ஓட்டவில்லை. பதினான்காம் மேசை நம் லிஃப்ட்காரருடையது. அந்த நேரத்தில் அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள், எல்லாரும் முதல்முறை வந்தவர்கள். நோட்டீஸை எழுதியவர் இவர்தான் என்று யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். "நீங்கதானா அது? படிச்சுட்டு அப்படிச் சிரிச்சேன்!" என்றாள் ஒரு அம்மாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிமார் யோசனையை நடித்தே காட்டிக்கொண்டிருந்தபோது "பதினாலு" என்று ஒரு குரல் கூப்பிட்டது. தலையைக்கூடத் திருப்பாமல் "சரி" என்றார்.

கூப்பிட்டவர் ஆவியார். சங்கத்தில் மூத்தவர். நீராவி இன்ஜினைத் தவிர வேறு எதையும் ரயில் என்று ஒப்புக்கொள்ளாததால் அந்தப் பெயர். பித்தளைத் தகட்டை வெட்டி, வளைத்து, ஒட்டி, ஒன்பது வருஷமாக ஒரு இன்ஜின் செய்திருந்தார். அன்றைக்குத்தான் அதற்கு முதல் ஓட்டம். பதின்மூன்று மேசை வரைக்கும் ராஜா மாதிரி வந்தது. பதினான்காவது மூட்டில் ஏறியதும் ஒரு துள்ளுத் துள்ளி, இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் விழுந்தது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை, டம்ளர் விழுந்த சத்தம்தான்.

எல்லாரும் குனிந்தார்கள். லிஃப்ட்காரர் குனியவில்லை. அவருடைய கட்டைவிரல் மூட்டுக்குப் போனது. நகம் தட்டியது. தண்டவாளத் துண்டு வெளிப்பக்கத்தில் நகக்கனம் தூக்கிக்கொண்டு நின்றது. யாரும் நிமிர்வதற்குள் அதை அழுத்தி உட்கார வைத்துவிட்டார். அவர் யோசித்துச் செய்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் தெரியாமல் செய்தார் என்றும் சொல்ல முடியாது.

இன்ஜின் விழுந்த நேரம் பார்த்துத்தான் மேசைக்குப் பக்கத்தில் மச்சான் கையை நீட்டிக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை செய்த ஸ்டேஷனில் பெட்டிமேல் உட்கார்ந்து கொட்டாவி விடும் ஒரு குட்டி ஆள் உண்டு. அவனைப் பக்கத்திலிருந்தவருக்குப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தார். "யார் கைப்பா பட்டுச்சு?" என்று ஒரு கத்தல். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. மச்சான் தன் கையைப் பார்த்தார்.

"என் கையா? ஐயையோ... பட்டிருக்குமோ?"

அங்கே ஒரு வார்த்தை போதும். லிஃப்ட்காரர் வாயைத் திறக்கத்தான் செய்தார். திறந்தவர் சொன்னது இது: "பரவாயில்ல மச்சான். முதல் தடவை வர்றவங்களுக்கு இது சகஜம்தான்."

என்ன பெருந்தன்மை பாருங்கள்! அன்றைக்கு நாலு பேர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

மச்சானின் தொழிலைச் சொன்னால்தான் இதன் கனம் புரியும். பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர் அவர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். குண்டுக் கை, ஒல்லிக் கை, நரம்பு ஒளிந்து விளையாடும் கை, எதுவானாலும் ஒரே குத்து. "எப்ப குத்தப் போறீங்க?" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்பார்கள், பஞ்சை வைத்துக் கையை மடக்கி விட்டிருப்பார். "அவர் இருக்காரா?" என்று வாசலில் கேட்டுவிட்டு, இல்லை என்றால் நாளைக்கு வருகிறோம் என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

அப்படிப்பட்டவர் கண்காட்சிக்குப் பிறகு தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்தார். பட்டது தெரியாமல் ஒரு கை படுகிறது என்றால் அது என்ன கை? தண்ணீர் டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நடுங்குகிறதா என்று பார்ப்பார். அப்படி உற்றுப் பார்த்தால் யார் கைதான் நடுங்காது? டாக்டர் ஒன்றுமில்லை என்றார். நம்பவில்லை. மூன்றாவது மாதம் ஊசியை வைத்துவிட்டு, முன்னால் பெயர் பதிகிற மேசைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். கேட்டவர்களிடம் வயசாகிவிட்டது என்றார்.

லிஃப்ட்காரரின் மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தாலே, "கண்ணாடிச் சாமானெல்லாம் எடுத்து உள்ள வைங்க, ரயிலைக் கவுத்தவர் வர்றார்" என்பாள். அண்ணனும் சிரிப்பார். லிஃப்ட்காரரும் சிரிப்பார். சிரித்துவிட்டு, கை கழுவுகிற சாக்கில் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருப்பார். சொல்லிவிட வேண்டும் என்று நினைக்காத நாளில்லை. முதல் வாரமே சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். முதல் மாதம் என்றால் ஒரு சண்டை. அதற்கு மேல் போனால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதில் அவரிடம் இல்லை. இருந்தது, வெட்கக்கேடான பதில்.

இந்த வருஷம் மச்சான் வரமாட்டேன் என்றார். தங்கை விடவில்லை. "உன்னை வெச்சு ஒரு விதியே போட்டிருக்காங்க, நீ இல்லாம எப்படிண்ணே?" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வாசலில் நோட்டீஸை வாங்கிய மச்சான், ஏழாவது வரியை விரலால் தடவிப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க மாப்ள," என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார்.

நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டார். காலை முழுக்க அப்படியே சுற்றினார். மூக்கு அரித்தபோது மேசையை விட்டு நாலடி விலகிப் போய்ச் சொறிந்துவிட்டு வந்தார். லிஃப்ட்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை பேர் வருகிறார்களே, நோட்டீஸில் சொன்னபடி அட்சரம் பிசகாமல் நடக்கிற ஒரே ஆள் இவர்தான்.

பன்னிரண்டரை மணிக்கு இரண்டு பேரும் மண்டபத்துக்குப் பின்னாலிருந்த டீ மெஷின் பக்கம் போனார்கள்.

"திங்கக்கிழமை எழுதிக் குடுத்துடறேன் மாப்ள," என்றார் மச்சான்.

"என்ன எழுதிக் குடுக்கறீங்க?"

"ரத்தம் எடுக்கற வேலை இனிமே வேண்டாம்னு. இதுவரைக்கும் தற்காலிகமாத்தான் முன்னால உக்காந்திருக்கேன். ஒரு புதுப் பொண்ணு என் நாற்காலியில இருக்கா. அவளை நிரந்தரம் பண்ணணும், நீங்க ஒரு முடிவு சொல்லுங்கன்னு கேக்கறாங்க. கேக்கறது நியாயம்தானே? கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் ஊசியைத் தொட விடமாட்டாங்க. போகட்டும். ஒரு நாளைக்கு எவன் நரம்பையாவது கிழிச்சு வைக்கறதுக்கு இது மேல்."

பேப்பர் கப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், கைக்குழந்தையின் தலையைப் பிடிப்பது போல. அதற்கு மேல் லிஃப்ட்காரரால் தாங்க முடியவில்லை.

"மச்சான், ரயில் விழுந்தது உங்களால இல்ல. என்னால."

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. நகத்தை ஓட்டாதது, திரும்பிக்கூடப் பார்க்காமல் சரி என்றது, எல்லாரும் குனிந்திருந்தபோது கட்டைவிரலால் அழுத்தியது. மச்சான் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. லிஃப்ட்காரர் ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த முகங்களில் இது இல்லவே இல்லை.

"என் தங்கச்சி சொல்லச் சொன்னாளா?"

"இல்ல மச்சான், சத்தியமா..."

"எனக்குப் புரியுது மாப்ள. நான் வேலையை விடறேன்னதும் உங்களுக்கு மனசு கேக்கல. பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க. ஒரு நட்டு லூசா இருந்தாலும் லிஃப்ட்டைப் பூட்டி சீல் வெச்சுட்டு வர்ற ஆளு நீங்க. நீங்க பார்க்காம சரின்னு சொல்வீங்களா? யார்கிட்ட காது குத்தறீங்க?"

"சொன்னேன் மச்சான். பார்க்காமத்தான் சொன்னேன்."

"என் விரல்ல பட்டுச்சு மாப்ள. எனக்குத் தெரியும். பித்தளை சில்லுனு இருந்துச்சு. இன்னும் இந்த நுனியில அந்தச் சில்லு இருக்கு." விரலை நீட்டிக் காட்டினார். "நீங்க தங்கமானவர். என் தங்கச்சி குடுத்து வெச்சவ."

கப்பைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தொடாத ஒன்றைத் தொட்டதாகவே ஒரு வருஷத்தில் ஆக்கிக்கொண்டுவிட்டார் மனுஷன். ஆக்கிக்கொடுத்தவர் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

இதற்கப்புறம் லிஃப்ட்காரர் செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அவருக்கு நிம்மதியாகிவிட்டது. சொல்லியாயிற்று, நம்பாதது அவர் பாடு என்று தோன்றியது. பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்து சாப்பிட்டார். பசியோடு சாப்பிட்டார். கை துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தபோது, மேசையோரம் ஒரு தாயின் இடுப்பிலிருந்த குழந்தை தன் தொப்பியைக் கீழே போட்டது. அது மச்சானின் காலடியில் விழுந்தது. குனிந்தால் எடுத்துவிடலாம். மச்சான் குனியவில்லை. கட்டிய கையை அவிழ்க்காமல் இரண்டடி பின்னால் நகர்ந்து, "தங்கச்சி, இங்க வா, இதைக் கொஞ்சம் எடுத்துக் குடு," என்று தள்ளி நின்ற தன் தங்கையைக் கூப்பிட்டார். அந்தத் தாய் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

லிஃப்ட்காரருக்குச் சாப்பிட்டதெல்லாம் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

இரண்டு மணிக்கு நகச்சுற்று ஆரம்பித்தது. ஆவியார் முதல் மேசையருகே நின்று கூப்பிட்டார். பழுது பார்த்துக் கொண்டுவந்திருந்த அந்தப் பித்தளை இன்ஜின் அவர் கையில் இருந்தது. ஒன்று, சரி. இரண்டு, சரி. ஒவ்வொன்றாகக் குரல் நெருங்கி வந்தது. பதின்மூன்றும் சொல்லியாகிவிட்டது.

"பதினாலு."

ஆவியார் நிமிர்ந்து பார்த்தார்.

"பதினாலு! என்னப்பா லிஃப்ட்டு, இன்னும் சாப்பிட்டு முடியலையா?"

யாரோ சிரித்தார்கள். லிஃப்ட்காரர் மூட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"போன வருஷம் நான் பார்க்கல," என்றார். "பார்க்காம சரின்னு சொன்னேன். உங்க இன்ஜின் விழுந்தது இந்த மூட்டுல. வெளிப்பக்கம் நகக்கனம் தூக்கியிருந்துச்சு. நீங்கல்லாம் குனிஞ்சிருந்தப்ப நான் அழுத்தி வெச்சுட்டேன். என் மச்சான் கை படவே இல்ல. தெரிஞ்சும் பேசாம இருந்தேன். நோட்டீஸ்லயும் நான்தான் எழுதினேன்."

முதல்முறை வந்தவர்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதியோ என்று எட்டிப் பார்த்தார்கள். ஆவியார் வளையத்தைச் சுற்றி மெதுவாக நடந்து வந்தார்.

"எந்தப் பக்கம் சொன்னே?"

"வெளிப்பக்கம்."

ஆவியார் இன்ஜினைக் கவிழ்த்துப் பிடித்தார். முன் சக்கரத்தின் விளிம்பில் மயிரிழை மாதிரி ஒரு வெட்டு இருந்தது. "எல்லாத்தையும் சரி பண்ணேன், இதை மட்டும் விட்டு வெச்சேன். சிமெண்ட்டுல விழுந்தா நசுங்கும், இப்படி வெட்டுப்படாது. இது தண்டவாள முனை வெட்டினது. அன்னைக்கே மூட்டுதான்னு தோணுச்சு. ஆனா முப்பத்திரண்டு பேரும் சரின்னு சொல்லியிருந்தீங்களேப்பா! அந்தச் சரியை நம்பித்தான் இவர் கையைத் தப்புன்னு நெனச்சேன்."

மச்சான் பக்கம் திரும்பி, சக்கரத்தை அவருக்கு நேராக நீட்டினார். "ஐயா, நீங்களே தொட்டுப் பாருங்க."

மச்சானின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. ஆள்காட்டி விரலின் நுனி விளிம்பில் மெல்ல நகர்ந்து, ஒரு இடத்தில் நின்றது.

லிஃப்ட்காரரின் மனைவிதான் முதலில் பேசினாள். அவள் கத்தியிருந்தால் தேவலை. "ஒரு வருஷமா என் வாயாலேயே என் அண்ணனைக் கேலி பண்ண விட்டிருக்கீங்க. பக்கத்துல உக்காந்து நீங்களும் சிரிச்சீங்க."

"நீ சும்மா இரும்மா," என்றார் மச்சான். அவர் கண் விரலை விட்டு எழவில்லை.

ஓங்கி ஒரு அறை விழும் என்று லிஃப்ட்காரர் நின்றார். விழட்டும் என்றுகூட இருந்தது. எல்லார் முன்னாலும் காலில் விழவும் தயாராக இருந்தார்.

"போன மாசம் ஒரு குழந்தை வந்துச்சு மாப்ள," என்றார் மச்சான். குரல் பக்கத்திலிருப்பவருக்கு மட்டும்தான் கேட்டது. "பதினோரு நாள் குழந்தை. என் நாற்காலியில இருக்கற அந்தப் பொண்ணுக்கு நரம்பு கெடைக்கல. ஏழு தடவை குத்திட்டா. நான் முன்னால உக்காந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிட்டு இருந்தேன். அழுது அழுது அதுக்குக் குரலே போயிடுச்சு. அம்மாக்காரி வெளியே ஓடி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. 'உங்களைத்தான் எல்லாரும் சொன்னாங்க, நீங்க வந்து எடுங்க'ன்னா. நான் மாட்டேன்னுட்டேன். என் கை ஆகாதும்மான்னு உதறிட்டு, உக்காந்துட்டேன்."

விரலைச் சக்கரத்திலிருந்து எடுத்தார். உள்ளங்கையைத் திருப்பினார், புறங்கையைத் திருப்பினார்.

"என் கைக்கு ஒண்ணுமே இல்ல மாப்ள."

லிஃப்ட்காரர் மச்சானிடம் கேட்க மன்னிப்பு வைத்திருந்தார். ஆவியாரிடமும் மனைவியிடமும் கேட்க வைத்திருந்தார். இதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார், மனைவி அண்ணனுக்குப் பின்னாலேயே போனாள். "மச்சான்..." என்று லிஃப்ட்காரர் இரண்டடி எடுத்து வைத்தார். மச்சான் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கி, வராதே என்று காட்டினார்.